சோப்பு டப்பா விளக்கு

உவர்க்குறிச்சியில் ஜனங்கள் வழியில் பார்த்துக்கொண்டால் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘எவ்வளவு எரிஞ்சுது’ என்று கேட்க ஆரம்பித்த வருஷம் எது என்று இப்போது யாரிடம் விசாரித்தாலும், சுயம்புலிங்கத்தின் மீட்டர் உப்புக்காற்றில் செத்துப்போன வருஷம் என்றுதான் சொல்வார்கள், அதற்குமேல் தேதி கிழமை எதுவும் அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. மூன்று பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் கடல் என்று உட்கார்ந்திருக்கிற ஊர் அது. அங்கே ஃபேன் வாங்கினால் இரண்டு வருஷம், டிவி வாங்கினால் மூன்று வருஷம், இரும்புக் கட்டில்கூட ஏழாவது வருஷம் காலை மடக்கிக்கொண்டு படுத்துவிடும். ஆகையால் ரிப்பேர் கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்துக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அதே காற்று அவனுடைய சாமான்களையும் சும்மா விடவில்லை. ஐடிஐ முடித்த கையோடு வாங்கிய, வயர் சோதிக்கிற மீட்டரின் முள் ஒரு திங்கட்கிழமை காலையில் பாதி வழியில் நின்றது. தட்டினான், குலுக்கினான், வெயிலில் வைத்தான், அது நின்ற இடத்திலேயே நின்றது.

புது மீட்டர் வாங்கத் தூத்துக்குடிக்குப் போனால் ஒரு நாள் கடை அடைக்க வேண்டும் என்று சோம்பல்பட்டு, அவன் தானே ஒன்று செய்துவிடுவது என்று முடிவு கட்டினான். முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டுக்குள் போய், குளிக்கிற இடத்திலிருந்த நீலச் சோப்பு டப்பாவை எடுத்து, உள்ளே கிடந்த சோப்பைத் தரையில் போட்டுவிட்டு வந்தான். அதற்காக அவன் மனைவி வடிவம்மாள் இரண்டு நாள் விடாமல் திட்டினாள். டப்பாவுக்குள் இரண்டு டார்ச் செல்லை வரிசையாக வைத்து ரப்பர் பேண்டு போட்டான், மூடியில் சுடுகம்பியால் ஓட்டை போட்டு ஒரு டார்ச் பல்பைச் செருகினான், பல்பிலிருந்து ஒரு சிவப்பு வயரும் செல்லிலிருந்து ஒரு கறுப்பு வயரும் வெளியே இழுத்து, அவற்றின் நுனியில் உப்பு மூட்டை தைக்கிற கோணி ஊசி ஒவ்வொன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். ஒரு வயரின் இந்த முனையில் ஓர் ஊசி, அந்த முனையில் ஓர் ஊசி வைத்துப் பார்த்து, பல்பு எரிந்தால் வயர் நல்லது, எரியாவிட்டால் உள்ளே எங்கேயோ அறுந்திருக்கிறது. அவ்வளவுதான் அந்தக் கருவி, அதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட வந்த வடிவம்மாளிடம் சிவப்பு ஊசியைக் கொடுத்துக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிவிட்டு, கறுப்பு ஊசியை அவன் கையில் எடுத்தான். இருவருக்கும் நடுவில் மூன்றடி இடைவெளியும் ஒரு பழைய ரேடியோவும் இருந்தன. பல்பு எரிந்தது. எரிந்தது என்று பெரிதாகச் சொல்ல முடியாது, கரண்ட் குறைந்த நேரத்துத் தெருவிளக்கு மாதிரி உள்ளே கம்பி மட்டும் சிவந்து தெரிந்தது. கை வியர்வையாக இருக்கும் என்று துடைத்துவிட்டுப் பிடித்தான், அப்போதும் அதே சிவப்பு. அந்த நேரம் பார்த்து, எதிர்க்கடை மைக் செட் ஞானதிரவியம் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா எதுவென்றாலும் ஊருக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன் அவன்தான். ‘என்ன அண்ணாச்சி, கோணி ஊசி யாவாரமா’ என்று சொல்லிக்கொண்டே கறுப்பு ஊசியை வாங்கிப் பார்த்தான். அவன் விரல் பட்டதுதான் தாமதம், பல்பு பளீரென்று எரிந்து, மூடியின் நீலமெல்லாம் வெளுத்துத் தெரிந்தது. வடிவம்மாள் சிரித்தாள். பல்பு எரிந்ததைவிட அந்தச் சிரிப்புதான் சுயம்புலிங்கத்தின் நெஞ்சில் போய்த் தைத்தது.

ஊர் இந்த விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்பட்டது என்று சொன்னால் அது பொய். ஞானதிரவியம் வெள்ளந்தியாக டீக்கடையில் போய், அண்ணாச்சி செய்த டெஸ்டர் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி எரிகிறது என்று சொன்னான். உப்புத் தின்கிற உடம்புதானே, எரியாமல் என்ன செய்யும் என்று டீக்கடைக்காரர் சொன்னார், அதோடு காரண ஆராய்ச்சி முடிந்துபோனது. சாயங்காலமே கடை வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். முதலில் வந்தது எடை மேடைக் கணக்கப்பிள்ளையின் மகனும் அவனுக்குப் புதிதாக வந்திருந்த பெண்டாட்டியும். இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டே ஊசியைப் பிடித்தார்கள், பல்பு கண்ணைக் கூசவைத்தது. அது நல்லதா கெட்டதா என்று எல்லோரும் சுயம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் தொழில் தெரிந்தவன் என்கிற கம்பீரத்தோடு, வயர் நல்லதாக இருந்தால் பளிச்சென்று எரியும், எங்கேயாவது அரித்திருந்தால் மங்கும் என்று சொன்னான். சொல்லும்போதே அவனுக்கு ஞாபகம் வந்தது, மத்தியானம் அவனுக்கு மங்கியிருந்தது, ஞானதிரவியத்துக்கு மங்கவில்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான், அன்றைக்கே அது ஊர்ச் சட்டமாகிவிட்டது.

அதற்குப் பிறகு உவர்க்குறிச்சி அந்த டப்பாவை, புதிதாகத் திறந்த ரேஷன் கடையை ஏற்றுக்கொள்வது மாதிரி ஏற்றுக்கொண்டது, அதாவது வரிசை, வரிசையில் சண்டை, சண்டையில் சிபாரிசு என்று எல்லாமே ஒழுங்காக நடந்தன. பளிச்சென்று எரிந்த தம்பதிக்குப் பகல் ஜோடி என்று பெயர், மங்கியவர்களுக்கு அந்தி ஜோடி என்று பெயர். பெண் பார்க்கப் போகிற வீட்டில் சொஜ்ஜி பஜ்ஜிக்கு முன்னால் டப்பா வந்தது, கல்யாணப் பத்திரிகையில் பெரியோர்கள் பெயருக்குக் கீழே ‘விளக்குப் பொருத்தம் உண்டு’ என்று ஒரு வரி வந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பகல் ஜோடி வீட்டுக் குடத்துக்கு முதலில் வழி விட்டார்கள். பத்து வருஷமாக ஒரு சுவருக்காகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் வந்து பிடித்ததில் விளக்கு பளீரென்று எரிந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள், அடுத்த வாய்தாவுக்கு வழக்கம்போலத் தனித்தனி பஸ்ஸில் போனார்கள். கணக்கப்பிள்ளை மகனின் புதுப் பெண்டாட்டி, அவ்வளவு பளிச்சென்று எரிந்தவள், மூன்றாவது மாதம் யாரோடும் ஒரு வார்த்தை சண்டை போடாமல் சிரித்த முகமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பல்பை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது.

அந்தி ஜோடிகள் பாடுதான் பாவம். செல்லையாவும் தங்கபுஷ்பமும் முப்பத்தெட்டு வருஷமாக ஒரே பாத்தியில் உப்பு வாரியவர்கள், அவள் முன்னால் வாரிக்கொண்டு போனால் அவன் பின்னால் குவித்துக்கொண்டு போவான், இரண்டு பேரும் வாயைத் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை. அவர்கள் பிடித்தபோது கம்பி சிவந்ததே தவிர வெளிச்சம் என்று ஒன்று வரவில்லை. அன்றிலிருந்து செல்லையா வீட்டில் சாப்பிடுவதை விட்டுக் கடையில் பரோட்டா தின்றான், தங்கபுஷ்பம் பக்கத்துப் பாத்திக்கு வேலை மாற்றிக் கேட்டாள். இத்தனை காலம் ஏமாந்துவிட்டோம் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள், யார் யாரை ஏமாற்றினார்கள் என்றுதான் அவர்களுக்கு விளங்கவில்லை.

சுயம்புலிங்கத்துக்கு ஊர் எப்படிப் போனாலும் அக்கறை இல்லை, அவன் கண்ணெல்லாம் எதிர்க்கடை மேலேயே இருந்தது. ஞானதிரவியத்துக்குச் சுருட்டை முடி, அடர்ந்த மீசை, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. இத்தனை நாள் இதெல்லாம் தனக்கு எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று சுயம்புலிங்கம் தன்னையே திட்டிக்கொண்டான். அந்த மனுஷன் கடையில் உட்கார்ந்து ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று சொல்லும்போதெல்லாம், உள்ளே சமையல் செய்துகொண்டிருக்கிற வடிவம்மாளுக்குத்தான் ஏதோ சேதி போகிறது என்று தோன்றியது. மூன்றோடு நிறுத்தினால் ஒரு அர்த்தம், நாலுவரை போனால் வேறு அர்த்தம் என்று மனதுக்குள்ளேயே ஒரு அகராதி போட்டான். ஸ்பீக்கரில் ஞானதிரவியம் காதல் பாட்டுப் போட்டால் வயிறு எரிந்தது, சாமி பாட்டுப் போட்டால், சந்தேகம் வராமலிருக்கப் போடுகிறான் என்று அதைவிட அதிகமாக எரிந்தது. சோறு இறங்கவில்லை. ஃபேனுக்குள் போடவேண்டிய கண்டென்சரை மிக்ஸிக்குள் போட்டான், மிக்ஸி ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் புகைந்தது.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு, அது பட்டினி கிடக்கவே கிடக்காது, ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றைத் தேடிப்போய்த் தின்னும். ஞானதிரவியம் மட்டும்தானா, வேறு யாரும் உண்டா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, டப்பா சரியாக எரிகிறதா என்று பார்க்க ஒரு நிரந்தரமான கை வேண்டும் என்று சொல்லி, தினமும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை வடிவம்மாளைச் சிவப்பு ஊசியோடு அதில் உட்காரவைத்தான். அவளும் தொழிலுக்கு உபகாரம் என்று நினைத்து, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இடது கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிற ஆம்பளைகளிடம் அவன் நைசாகக் கறுப்பு ஊசியை நீட்டுவான். பால்காரர் பிடித்தார், பளீர். தபால்காரர் பிடித்தார், பளீர். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன், ஓட்டு கேட்டு வந்தவர், வழி தெரியாமல் நுழைந்த ஒரு லாரி டிரைவர், பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்த எண்பது வயது தலையாரி, எல்லோருக்கும் பளீர், பளீர், பளீர். நடுநடுவே யாரும் இல்லாத நேரம் பார்த்து அவனே கறுப்பு ஊசியை எடுப்பான், உடனே விளக்கு சோர்ந்துபோய்ச் சிவக்கும்.

மூன்று மாதம் இப்படி நடந்தது. நாற்பத்தொரு ஆம்பளைகள். தன் மனைவிக்கு ஊரில் தன்னைத் தவிர எல்லோரோடும் ஒட்டுதல் இருக்கிறது, தாலி கட்டியவனிடம் மட்டும் அது அரித்துப்போயிருக்கிறது என்கிற முடிவுக்கு அவன் வந்து சேர்ந்தான். தலையாரியைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை, அந்த மனுஷன் தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் போனால், முறைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மதுரையில் நர்ஸுக்குப் படிக்கிற மகளுக்குப் போன் போட்டு, அம்மாவைக் கொஞ்ச நாள் நீ வந்து கூட்டிக்கொண்டு போ, அவள் இங்கே இருந்தால் சரிப்படாது என்று சொல்வதற்கு இரண்டு தடவை நம்பரை அழுத்தி இரண்டு தடவையும் கட் பண்ணினான். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு அடைத்தது, அவள் இருக்கிற வீட்டை நினைத்தால் நெஞ்சு எரிந்தது.

அம்மன் கொடைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தபோது கோயில் கமிட்டிக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். இந்த வருஷம் அம்மன் கும்பம் ஊர்வலம் வந்து நின்றதும் கோயில் வாசலில் ஊர் ஜோடிகளெல்லாம் விளக்குப் பிடிப்பது என்றும், டப்பாவுக்குச் சொந்தக்காரர் இதுவரை பெண்டாட்டியோடு பிடித்து யாரும் பார்த்ததில்லையே, ஆகையால் முதல் மரியாதை அவர்களுக்குத்தான் என்றும் பேசி முடித்திருந்தார்கள். சுயம்புலிங்கம் தலையை ஆட்டினான், அவர்கள் போனதும் உள்ளே திரும்பினான். வடிவம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, கருகிப்போன ஒரு மிக்ஸி மோட்டார் காயிலிலிருந்து செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் உள்ளே கிடந்து புழுங்கியதெல்லாம் அப்போது வாய்க்கு வந்துவிட்டது. ஞானதிரவியத்துக்கும் உனக்கும் என்ன என்று கேட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பால்காரருக்கும் உனக்கும் என்ன, தபால்காரருக்கும் உனக்கும் என்ன, அந்த லாரிக்காரன் எந்த ஊர் என்று வரிசையாகக் கேட்டான். யார் தொட்டாலும் பளிச்சென்று எரிகிறது, நான் தொட்டால் மட்டும் ஏன் அணைகிறது, ஊரார் எல்லோரிடமும் சிரித்துவிட்டு என்னிடம் மட்டும் மூஞ்சியைத் தூக்குகிறாயே என்று சொல்லும்போது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் கம்பி பிரிப்பதை நிறுத்தவில்லை. கையிலிருந்த காயிலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இந்த மாதிரி காயில் வந்தா ரெண்டு முனையிலயும் ஊசிய வச்சுப் பாக்குதீங்கள்ள? பளிச்சுன்னு எரிஞ்சா என்ன சொல்லுவீங்க?”

“உள்ள வெந்து ஒண்ணோடொண்ணு ஒட்டிப் போச்சும்பேன். கரண்டு சுத்துக்குள்ள போவாம குறுக்க தாவிருது.”

“மங்கலா எரிஞ்சா?”

அவன் காயிலைப் பார்த்தான். மங்கலாக எரிந்தால் காயில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், கரண்ட் ஒவ்வொரு சுற்றாக உள்ளே போய் வருகிறது, அந்த அலைச்சலில்தான் பல்புக்கு வெளிச்சம் குறைகிறது. இருபத்தைந்து வருஷமாக வாரத்துக்குப் பத்துக் காயில் பார்க்கிறவனுக்கு இது தெரியாதா என்ன, ஆனால் அந்த நிமிஷம்வரை அவனுக்கு அது தோன்றவே இல்லை.

“ஞானத்துக்கிட்ட எனக்கு என்ன இருக்கு,” என்றாள் வடிவம்மாள். “பால்காரருகிட்ட என்ன இருக்கு? ஒரு வாங்க, ஒரு போங்க, ஒரு சிரிப்பு. இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் போயிரும், நடுவுல எதுலயும் முட்டாது. உங்ககிட்ட அப்படியா? ஒரு சொல்லு சொன்னா அது எங்கெல்லாம் சுத்திக்கிட்டு வர வேண்டியிருக்கு. எங்க அம்மா செத்ததுல முட்டுது, மகள் காலேஜ் பீஸ்ல முட்டுது, அந்தச் சோப்புல முட்டுது. இருவத்திரெண்டு வருசம் சுத்துன காயிலு நான். வெறும் வயருன்னா நெனச்சீங்க?”

சுயம்புலிங்கத்துக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. நாற்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் அவன் தலையிலிருந்து இறங்கிப் போனார்கள், தலையாரி தடியை ஊன்றிக்கொண்டு கடைசியாகப் போனார். மங்கியது தனக்கு மட்டும்தான், ஊரில் வேறு எவனுக்கும் மங்கவில்லை. அவன் சிரித்தான், கடை மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அப்போது அவள், இதற்காகத்தான் மூன்று மாதமாக என்னை இந்த ஸ்டூலில் உட்காரவைத்து, வந்தவன் போனவன் கையிலெல்லாம் ஊசியைக் கொடுத்தீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்று அவன் இன்னும் சிரித்துக்கொண்டே சொன்னான், நாற்பத்தொரு பேர் என்று எண்ணிக்கையும் சொன்னான், முடிவு நல்லபடியாக வந்துவிட்ட ஒரு வேடிக்கையைச் சொல்வது மாதிரி சொன்னான். அவள் எழுந்தாள். பிரித்த கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவன் ஈயம் சிந்திய சட்டையோடேயே சாப்பிட உட்கார்ந்ததற்கு அன்று வழக்கமான திட்டு விழவில்லை, சந்தோஷத்தில் அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

அடுத்த ஐந்து நாளும் அவன் மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தான். கொடையன்று ஊர் முழுக்கப் பார்க்க நானும் வடிவும் ஊசியைப் பிடிப்போம், விளக்கு மங்கும், எல்லோரும் அடடா என்று வாயில் கை வைப்பார்கள், அப்போது மைக்கை வாங்கி, மங்கினால் என்ன அர்த்தம், பளிச்சென்று எரிந்தால் என்ன அர்த்தம் என்று விளக்கிச் சொல்ல வேண்டும். தான் முதலில் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தி ஜோடிகளை முன்வரிசைக்குக் கூப்பிட வேண்டும், செல்லையாவை இன்றைக்கு வீட்டில் போய்ச் சாப்பிடச் சொல்ல வேண்டும். ஞானதிரவியத்தைப் பார்த்து அவனே வலியப் போய்ச் சிரித்தான், ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது, பளிச்சென்று எரிகிற பாவப்பட்டவன்தானே என்கிற இளக்காரம். பொறாமைக்காரன் ஜெயித்துவிட்டால் அப்படித்தான்.

கொடையன்று பகல் பதினொரு மணிக்குக் கும்பம் வந்து நின்றது, மேளம் ஓய்ந்தது. வெயில் உப்பளத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைத்தது. பகல் ஜோடிகள் முன்னால் பட்டுச்சேலையும் கரைவேட்டியுமாக நின்றார்கள், அந்தி ஜோடிகள் வேப்பமரத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் பட வேண்டாம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஊர்ப் பெரியவர் சோப்பு டப்பாவை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார். வடிவம்மாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள், பார்த்தவர்களுக்கெல்லாம் வாங்க என்று சொல்லிச் சிரித்தாள். சுயம்புலிங்கம் ஞானதிரவியத்திடம் மைக்கைக் கேட்டு வாங்கினான். “எல்லாரும் மொதல்ல வெளக்கப் பாத்துக்கிடுங்க, பொறவு நான் ஒரு வெசயம் சொல்லுதேன்” என்றான். எட்டுத் திசையிலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் அவன் குரல் போய் உப்பளத்தில் விழுந்தது.

அவள் சிவப்பு ஊசியைப் பிடித்தாள், அவன் கறுப்பு ஊசியைப் பிடித்தான்.

அந்த வெயிலிலும் கண் கூசுகிற அளவுக்கு விளக்கு எரிந்தது. கணக்கப்பிள்ளை மகனுக்கு எரிந்ததைவிட, ஞானதிரவியத்துக்கு எரிந்ததைவிட, லாரி டிரைவருக்கு எரிந்ததைவிடப் பளீரென்று எரிந்தது. சனங்கள் ஓ என்று கத்தினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள், யாரோ வேட்டு வைத்தார்கள், ஞானதிரவியம் கை தட்டிக்கொண்டே ஓடிப்போய் ஒரு பாட்டைத் தட்டிவிட்டான். சுயம்புலிங்கம் ஊசியை விடவில்லை. வேறு ஏதாவது கோளாறாக இருக்கும் என்று வயரை அசைத்தான், ஊசியை மற்றக் கைக்கு மாற்றினான், எப்படிப் பிடித்தாலும் கரண்ட் ஒரு சுற்றுக்கூட உள்ளே போகாமல் குறுக்கே தாவ, விளக்கு அப்படியே எரிந்தது. வடிவம்மாளைப் பார்த்தான். அவளும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, இப்படித்தான் எரியும் என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

பாட்டு நின்றது. என்னமோ சொல்லப் போவதாகச் சொன்னீர்களே என்று ஊர்ப் பெரியவர் ஞாபகப்படுத்தினார். எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். சொல்வதாக இருந்தால் ஒரே ஒரு நிமிஷ வேலை. ஆனால் சொன்னால் தன் வீட்டு விளக்கு இப்போது எதைக் காட்டியது என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அவன் கண் வேப்பமரத்துப் பக்கம் போனது. அங்கே தங்கபுஷ்பம் வெயில் படாமல் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டிருந்தாள், அவள் நிழலைத் தேடி நகர நகர, செல்லையாவும் ஏறெடுத்துப் பார்க்காமலே கூட நகர்ந்தான், தாங்கள் சேர்ந்து நகர்வது அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஞானதிரவியத்தின் மீசையைப் பார்த்து வந்த பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் சுயம்புலிங்கத்துக்குத் தெரிந்தது. அந்த உப்பு வாரிகள் இரண்டு பேரையும் பார்த்து அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. தங்களிடம் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாமலே போகட்டும் என்று நினைத்தான்.

“ஒண்ணுமில்ல,” என்று மைக்கில் சொன்னான். எட்டு ஸ்பீக்கரும் அதை எட்டுத் தடவை சொல்லின.

அப்புறம் வரிசை நகர்ந்தது, அடுத்த ஜோடி வந்து ஊசியைப் பிடித்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் வடிவம்மாள் இலை போட்டுக் கொடைச் சோறு பரிமாறினாள். அவன் வேட்டியெல்லாம் திருநீறும் சேறுமாக இருந்தது, அதற்கும் திட்டு விழவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவனுக்கு எவ்வளவு குழம்பு வேண்டும் என்று அவனைவிட அவளுக்குத்தான் தெரியும். போதும் என்று அவன் கையை நீட்டி மறைத்தாலும், கையைத் தள்ளிவிட்டு ஊற்றிவிட்டுப் போவாள். இப்போது கரண்டியோடு குனிந்து நின்று சிரித்த முகமாக, “குழம்பு இன்னும் கொஞ்சம் விடட்டுமா?” என்று கேட்டாள்.

ஒரு கரண்டி வேண்டும் என்றான். அவன் எவ்வளவு கேட்டானோ அவ்வளவு விட்டாள்.